பல்லிப் பெட்டிக்கு அளவு கேட்டு

வட்டகொடை,
9.7.1957

மதிப்புக்குரிய மச்சான் லியனார்ட் அவர்களுக்கு, கணக்கப்பிள்ளை சூசைரட்ணம் வணக்கமாய் எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே இரண்டு பல்லிகள் உள்பட எல்லோரும் சுகம். ராகலையில் வீட்டாரும் பிள்ளைகளும் சுகமென்று நம்புகிறேன். உங்கள் தங்கை மரியநாயகிக்கு எட்டாம் மாதம். கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, மற்றபடி பயப்பட ஒன்றுமில்லை. நீங்கள் தச்சுவேலையைப் போட்டுவிட்டு ஓடிவர வேண்டாம். எனக்கு வேண்டியது ஒரு பெட்டியின் அளவு மட்டும்.

முதலில் என் மானம் போன கதை. போன வாரம் திங்கட்கிழமை காலைப் பெரட்டில் ஆட்களைப் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். பென்சிலை எடுக்கக் கோட்டுப் பைக்குள் கையை விட்டால், பென்சில் நெளிந்தது. எங்கள் மகள் சுகிர்தம் வளர்க்கும் பல்லிகளில் ஒன்று, அடுப்போரம் தொங்கிய கோட்டுக்குள் குளிருக்குப் படுத்திருக்கிறது. அது கை வழியே ஏறிக் கழுத்துக்கு வர, நான் அம்மாவென்று அலறி, தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கு முன்னாலேயே கோட்டைக் கழற்றி எறிந்தேன். கொழுந்தெடுக்கும் ராக்காயி, "ஐயா, அதுவும் வேலைக்குத்தான் வந்திருக்கு. அரை நாள் பேராவது போட்டுருங்க" என்றாள். துரை விழுந்து விழுந்து சிரித்தார். அவருக்கு அவ்வளவு தமிழ் தெரியும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அன்றே அவற்றை அடைத்துவிடத் தீர்மானித்தேன். முதலில் பிஸ்கட் டின்னில் ஓட்டை போட்டு விட்டேன். இடம் போதாமல் ஒன்றின் வாலை மற்றது கடித்து, அறுந்த வால் தனியே துள்ளியதைப் பார்த்து நான் ஜெபமாலையைத் தேட, பன்னிரண்டு வயதுப் பிள்ளை என்னை உட்காரவைத்து, வால் மறுபடி முளைக்குமென்று ஆறுதல் சொன்னாள். பிறகு தேயிலை ஸ்டோரில் கழித்துப் போட்ட பெட்டியொன்றைக் கொண்டுவந்து முன்பக்கம் கொசுவலை அடித்தேன். அது பெரிதாகிவிட்டது. பூச்சிகள் ஒரு மூலையில், பல்லிகள் ஒரு மூலையில், இரண்டும் சந்திக்கவேயில்லை. சுவர் ஏறுகிற சீவனுக்கு அகலத்தைவிட உயரம்தான் வேண்டும் என்கிறாள் சுகிர்தம். என் கவலை வேறு. அந்தப் பெட்டிக்குள்ளிருந்து பல்லி கத்தினால் கோவில் பிரசங்கம்போல் முழங்குகிறது.

பேசும்போது பல்லி சொன்னால் பேசியது பலிக்கும் என்று நம்புவது நமக்கு ஆகாது என்கிறார் சுவாமியார். நான் ஞானஸ்நானம் பெற்றவன் என்பது பல்லிக்குத் தெரியுமா? இந்த மழை விடாது போல என்றேன், உடனே பல்லி சொல்லியது, மழை இன்னும் விடவில்லை. அதிலிருந்து வீட்டில் நல்லதைத் தவிர நான் பேசுவதில்லை, சோறு குழைந்துவிட்டது என்றுகூட. பக்கத்துக் காம்பரா வேலாயி வந்து, "போன ரெண்டு பிள்ளைக்கும் இப்பிடித்தான் கால் வீங்கி..." என்று ஆரம்பித்தாள். நான் ரொட்டித் துண்டை அவள் வாய்க்கு நேரே நீட்டி, மாதா பாட்டொன்றை உச்சக் குரலில் எடுத்துவிட்டேன். அவள் பயந்து எழுந்து போய்விட்டாள்.

மரியநாயகி சிரிக்கவில்லை. "ஒன்னு சொல்லணுங்க. நான் ஆஸ்பத்திரிக்குப் போனப்பொறம்..." என்றாள். நான் மறுபடி பாடினேன்.

"பாடாதீங்க. கேட்டுக்குங்க."

நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவள் தூங்கியிருந்தாள்.

ஆகவே, காற்றுப் போகவேண்டும், சத்தம் வரக்கூடாது, அப்படியொரு பெட்டிக்கு நீளம் அகலம் உயரம் எழுதியனுப்புங்கள். பெரியவர்களுக்கு எங்கள் தோத்திரம். சின்னவர்களுக்கு என் ஆசீர்வாதமும், பல்லியைத் தொட வேண்டாம் என்ற புத்திமதியும்.

இப்படிக்கு,
பயமொன்றுமில்லாத உங்கள் மச்சான்,
சூசைரட்ணம்

பி.கு.: பெட்டி வேண்டாம். இதை எழுதி முடிப்பதற்குள், "அதுகளுக்கு முழுச் சுவரும் வேணும்ப்பா" என்று சுகிர்தம் இரண்டையும் அடுப்புச் சுவரில் விட்டுவிட்டாள். வேலையைப் போட்டுவிட்டு உடனே வாருங்கள். வியாழக்கிழமை மரியநாயகியை நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம். முன்னிரண்டு தடவையும் பிள்ளைதான் போனது, இந்தத் தடவை தாய்க்கும் ஆபத்து என்று தோட்டத்து டாக்டரையா என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். அவள் சொல்ல வந்ததை நீங்களாவது பக்கத்திலிருந்து கேளுங்கள். பல்லிகள் தலைக்கு நேரே இருப்பதால் இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை, எழுதத்தான் செய்கிறேன்: அவள் திரும்பி வரமாட்டாளோ என்று பயமாயிருக்கிறது மச்சான்.