ஸ்வெட்டர் அண்ணாச்சியும் வால்ரஸ் அத்தியாயமும்

மே மாதத்து மத்தியான வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, குளிர் தாங்காமல் ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளும் மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் தாராவியில் இருக்கிறார். ஸ்வெட்டர் அண்ணாச்சி என்று கேட்டால் லேபர் கேம்ப்பில் யாரானாலும் கையைக் காட்டுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால், அப்படி யாரும் இங்கே இல்லையே என்பார்கள். அவர் மனைவியே அப்படிச் சொல்லி ஒரு கூரியர்காரரைத் திருப்பி அனுப்பியதாக ஒரு பேச்சு உண்டு.

அண்ணாச்சி தையல் கார்கானா வைத்திருக்கிறார். பட்டறைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். அங்கே தைப்பது பஞ்சு வைத்த குளிர்கோட்டுகள். குளிர்காலத்தில் விற்க வேண்டிய சரக்கை வெயில் காலத்தில்தானே தைத்தாக வேண்டும்? அதனால் மும்பையே விசிறிக்கொண்டிருக்கும் மாதத்தில், பனியனோடு உட்கார்ந்த ஆட்கள் மடி நிறையப் பஞ்சுக் கோட்டை வைத்துத் தைப்பார்கள். கொப்பரையில் வேகும் இட்லி அவர்களை விடச் சௌகரியமாக இருக்கும். மொத்தத்துக்கும் ஒரே ஒரு நிற்கும் ஃபேன். அதுவும் அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தே நிற்கும்.

என் அம்மாவுக்கு அங்கே நூல் வெட்டும் வேலை. தைத்து வரும் கோட்டில் தொங்குகிற நூலையெல்லாம் கத்தரிக்க வேண்டும். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கையெழுத்துப் போடத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். கல்லூரி முடித்தவளும் நான்தான். முனிசிபாலிட்டி தமிழ்ப் பள்ளியில் படித்ததால் தமிழைத் தடங்கல் இல்லாமல் வாசிப்பேன். எங்கள் தெருவில் என் வயதுக்காரர்கள் வாய் ஓயாமல் தமிழ் பேசுவார்கள். கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்தால் முழிப்பார்கள். அந்தேரியில் ஒரு ஒலிப்புத்தகக் கம்பெனி தமிழ்க் குரல் தேடியபோது வேலை எனக்குக் கிடைத்தது அதனால்தான். இதைச் சொல்லும்போது இப்போதும் என் கழுத்து கொஞ்சம் நிமிர்ந்துகொள்ளும்.

குளிர்தேசத்து விலங்குகளைப் பற்றிய வரிசை அது. கதை கிடையாது, எல்லாம் நிஜம். பனிக்கரடி எங்கே படுக்கும், பெங்குவின் முட்டையை எப்படிக் காக்கும், அந்தக் கடலும் பனிக்கட்டியும் எப்படி இருக்கும் என்று விலங்குக்கு ஒரு அத்தியாயம். முதல் புத்தகம் வெளிவந்த அன்றே அம்மா கார்கானாவில் அறிவித்துவிட்டாள். அண்ணாச்சி தன் போனை ஸ்பீக்கரில் மாட்டினார். அதுவரை அங்கே சினிமாப் பாட்டுதான். சோகப் பாட்டுக்குத் தையல் தொளதொளவென்று விழுந்தது, குத்துப் பாட்டுக்கு ஊசி உடைந்தது என்று அவருக்கும் வேறு வழி தேவைப்பட்டிருந்தது.

பனிக்கரடி அத்தியாயம் பாதி ஓடியபோது அண்ணாச்சி கையைத் தேய்த்துக்கொண்டாராம். பெங்குவின் வந்ததும் எழுந்துபோய்ப் பெட்டியிலிருந்து ஒரு பச்சை ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டாராம். சாயங்காலம் என்னைப் பார்த்து விளக்கமும் கொடுத்தார்.

“ஏ பிள்ள, நீ ஏசி ரூம்ல உக்காந்துல்லா படிக்க? அந்தக் குளிரு அப்படியே குரல்ல ஏறி வருது. கண்ணால பாக்கறது கண்ணோட போயிரும். காது வழியா போறது உடம்புக்குள்ள தங்கிரும்.”

ஆட்கள் யாருக்கும் குளிரவில்லை. ஆனால் முதலாளி ஃபேனைத் தன் பக்கத்திலிருந்து திருப்பிவிட்டதால் யாரும் மறுத்துப் பேசவில்லை.

அதற்குப் பிறகு சட்டங்கள் வந்தன. சாப்பாட்டு நேரத்தில் வேட்டை கூடாது. மீன்குழம்பைப் பிசையும்போது கரடி கடல்நாயைக் கிழித்தால் எப்படி இறங்கும்? இன்னொரு நாள், பனிக்கரடியும் பெங்குவினும் சண்டைக்காரர்களா, சிநேகிதர்களா என்று கேட்டார். ஒன்று உலகத்தின் மேல் கோடியில், மற்றது கீழ்க்கோடியில், சந்தித்ததே இல்லை என்றேன். அவர் ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டார். “அவ்வளவு குளிர்ல, ரெண்டும் தனித்தனியாவா கெடக்கு?” என்று அப்புறம் அம்மாவிடம் கேட்டாராம்.

பெரிய சட்டம் பெங்குவினிடமிருந்து வந்தது. கடுங்குளிரில் பெங்குவின்கள் கூட்டமாக நெருங்கி நிற்கும். ஓரத்தில் நிற்பது மெல்ல நடுவுக்குப் போகும், நடுவில் இருப்பது ஓரத்துக்கு வரும். இதைக் கேட்டதும் அண்ணாச்சி, நம் கார்கானாவிலும் அதே முறை என்றார். ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் எல்லோரும் அடுத்த மெஷினுக்கு நகர வேண்டும், அப்படியே ஒவ்வொருவராக ஃபேனுக்குப் பக்கத்தில் வந்துவிடலாம்.

அழகான யோசனை. ஆனால் எங்கள் கார்கானாவில் ஒரு மெஷினுக்கு ஒரு வேலை. ஜிப் தைப்பவருக்கு ஜிப் மட்டும்தான் தெரியும். காலர் தைக்கும் மைதீன் பாய் ஆயுசுக்கும் காலரைத் தவிர எதையும் தொட்டதில்லை. அன்று சாயங்காலம் வந்த கோட்டுகளில் ஒன்றுக்குக் காலர் இடுப்பில் இருந்தது. இன்னொன்றுக்கு ஜிப்பை மேலே இழுத்தால் பாக்கெட் மூடிக்கொண்டது. ஒரு கோட்டுக்குள் தலையை விட்ட அண்ணாச்சி கை வழியாக வெளியே பார்த்தார்.

அம்மா நூல் வெட்டிக்கொண்டே சொன்னாள்: “ஆளை எதுக்கு அண்ணாச்சி நகத்துதீய? ஃபேனை நகத்துங்க.”

அண்ணாச்சி ஃபேனை ஒரு தரம் சுற்றி வந்தார். “பெங்குவின் கிட்ட ஃபேன் இல்ல தங்கச்சி. அதான் அதுக நடந்திருக்கு” என்றார்.

அன்றிலிருந்து அத்தியாயம் முடிந்தால் ஃபேன் அடுத்த மெஷினுக்குப் போகும். இதனால் ஒரு புது அரசியல் முளைத்தது. பனிச்சிறுத்தை கண்ணில் படுவதே அபூர்வம். அதன் அத்தியாயமும் சின்னது. தந்தம் முளைத்த கடல்மிருகமான வால்ரஸின் அத்தியாயமோ அதைப் போலவே நீண்டு படுத்திருக்கும். வால்ரஸின்போது ஃபேன் கிடைப்பவன் ராஜா. தொடர்ந்து பனிச்சிறுத்தையிலேயே மாட்டிக்கொண்ட மைதீன் பாய், நான் வேண்டுமென்றே அதை வேகமாக வாசித்திருப்பதாக என் அம்மாவிடம் புகார் சொன்னார்.

இந்த நேரத்தில்தான் அந்தேரியிலிருந்து எங்கள் கம்பெனி மேடம் போனில் கூப்பிட்டார். தமிழ் வரிசையை யாரும் கேட்கவில்லை, நிறுத்தப் போகிறோம் என்றார். அது கூடப் பரவாயில்லை. தாராவியில் ஒரே ஒரு போனில் மட்டும் காலையிலிருந்து இரவு வரை புத்தகம் கடைசி வரி வரை ஓடி, மறுபடி முதலிலிருந்து ஓடுகிறதாம். மனுஷர் யாரும் இப்படிக் கேட்க மாட்டார்கள், கணக்குக் காட்ட நீயே ஓட விடுகிறாயா என்று ஹிந்தியில் கேட்டார். எனக்குக் காது சுட்டது. வேலை போவது ஒரு பக்கம். படித்த பெண் என்று தெரு முழுக்கப் பெயர் எடுத்துவிட்டுத் திருட்டுப் பட்டத்தோடு திரும்புவதா? நேரில் வந்து பாருங்கள் என்றேன்.

மேடம் வந்தார். சந்துக்குள் நுழைவதற்குள் அவருடைய துப்பட்டா வேர்வையில் நனைந்திருந்தது. உள்ளே பனியன் ஆட்கள், குவிந்த குளிர்கோட்டுகள், நடுவில் பச்சை ஸ்வெட்டரில் ஒரு மனிதர், கலைமான்களைப் பற்றிப் பேசும் என் குரல். விருந்தாளி என்பதால் ஃபேனை அவர் பக்கம் திருப்பி ஸ்டூல் போட்டார்கள். மேடம் மூச்சு விட்ட நேரம் கலைமான் முடிந்தது. அடுத்தது வால்ரஸ். முறை மைதீன் பாயுடையது. எத்தனையோ நாள் காத்திருந்த மனிதர் எழுந்து வந்து, ஃபேனை மேடத்தின் முகத்திலிருந்து தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

நான் செத்தேன் என்று நினைத்தேன். மேடம் திகைத்துப் பார்த்தார். அண்ணாச்சி தன் பம்பாய் ஹிந்தியில் பணிவாகச் சொன்னார்: “பெங்குவின் கா காயதா ஹே, மேடம்.” பெங்குவின் சட்டம். முதலாளிக்கும் விருந்தாளிக்கும் விலக்கு இல்லை.

முழுக்கதையையும் நான் சொல்லி முடித்தபோது மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்; சிரிப்பு. ஃபேன் மறுபடி தன்னிடம் வர எத்தனை விலங்கு பாக்கி என்று கேட்டு, அது வரும் வரை இருந்தார். கையும் கண்ணும் வேலையில் மாட்டிக்கொண்டு காது மட்டும் சும்மா இருக்கிற இத்தனை பேரை நாங்கள் யோசிக்கவே இல்லையே என்றார். வரிசை நிற்காது, சந்தில் இருக்கும் மற்ற கார்கானாக்களுக்கும் நீயே கொண்டுபோய்க் கொடு என்றார். மைதீன் பாயின் மனுவையும் கேட்டுக்கொண்டார்: இனிமேல் எல்லா அத்தியாயமும் ஒரே நீளம். புறப்படும்போது துப்பட்டாவைத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டார். ஃபேன் பக்கத்தில் இருந்ததால்தான் என்பது என் கட்சி. “தமிழே தெரியாத ஆளுக்கே குளிருது, பாத்தியா?” என்பது அண்ணாச்சி கட்சி.

இப்போது நான்காவது புத்தகம் வாசிக்கிறேன். ஒன்றை மட்டும் அவரிடம் சொன்னதில்லை. ஒலிப்பதிவு அறையில் ஏசி இரைச்சல் மைக்கில் விழும் என்று வாசிக்கும் நேரம் முழுக்க அதை அணைத்துவிடுவார்கள். பஞ்சு வைத்த சுவர்களுக்கு நடுவே, முதுகெல்லாம் வேர்வை ஓட, நான் பனிப்புயலைப் பற்றி வாசிக்கிறேன். பதிவு தொடங்கும் சிவப்பு விளக்கு எரிவதற்கு முன்னால் கண்ணை மூடினால், அண்ணாச்சி ஸ்வெட்டரின் மேல் பொத்தானைத் தேடுவது தெரியும். அவ்வளவுதான், எனக்கு லேசாகக் குளிர ஆரம்பித்துவிடும்.