மாதிரி எண் பதினான்கு

செஞ்சியிலிருந்து அவலூர்பேட்டை போகும் சாலையோரத்து மூணாங்கல் குன்று பத்து நாட்களுக்கு நிலாவாக அறிவிக்கப்பட்டது. ஆணை தெளிவாக இருந்தது: 'மேற்படி குன்றானது பயிற்சிக் காலம் முழுமைக்கும், சகல காரியங்களுக்கும், நிலாவாகவே பாவிக்கப்பட வேண்டும்.' நிலாவில் இறங்கப் போகிற நான்கு விண்வெளி வீரர்கள் அங்கே கல்லைப் பார்க்கப் பழக வேண்டும். கல்லைப் பற்றிப் படித்தவர்கள் பூமியில் உட்கார்ந்திருப்பார்கள். மேலே போனவர் கண்டதைக் கண்டபடி சொன்னால்தான் அவர்களுக்குப் புரியும். செஞ்சியில் கல்லுக்குப் பஞ்சமே கிடையாது. நல்ல ஏற்பாடுதான்.

ஒரே ஒரு குறை. நிலாவின் தெற்குச் சரிவில் சாமுண்டீஸ்வரி குடியிருந்தாள்.

தகரக் கூரை போட்ட ஒற்றை அறை, மூன்று ஆடுகள். இடம் புறம்போக்கு. பட்டா கேட்டுப் பதினோரு வருடமாக மனு கொடுத்து வருகிறாள். 'பரிசீலனையில் உள்ளது' என்று மட்டும் தவறாமல் பதில் வரும். பரிசீலனை என்பது ஓர் ஊராக இருந்தால் இந்நேரம் அதைத் தனி மாவட்டமாகவே பிரித்திருப்பார்கள், அத்தனை ஜனம் அங்கே கிடக்கிறது.

மனுக்கள் போய்ச் சேர்ந்த இடம் குன்றுகள் மற்றும் பாறைகள் தனி அலுவலகம். குன்றுகள் தங்களைத் தாங்களே கவனித்துக்கொண்டதால் அந்த அலுவலகத்துக்கு நிம்மதியான வாழ்வு. அங்கிருந்து எழுத்தர் காமராஜ் வந்தார்.

"அக்கா, பத்து நாளைக்கு வீட்டைக் காலி பண்ணிடுங்க. இது இப்ப நிலா."

"இன்னா தம்பி சொல்ற?"

"ஆர்டர் வந்துட்டுது. நிலாவுல வீடு இருக்கக் கூடாது. காத்து கூட இருக்கக் கூடாதாம். அதை எப்படி நிறுத்தறதுன்னு ஆபீசருக்கு ஒரே டென்ஷன்."

"பத்து நாள் கழிச்சி வந்தா என்னை உள்ள விடுவீங்களா?"

காமராஜ் ஆட்டைப் பார்த்தார்.

சாமுண்டீஸ்வரிக்கு விளங்கிவிட்டது. ஒரு நாள் வெளியே போனாலும் 'ஆக்கிரமிப்பு அகற்றப்பட்டது' என்று எழுதி மூடிவிடுவார்கள். "நான் நகரமாட்டேன். போயி உன் ஆபீசர்கிட்ட சொல்லு" என்றாள்.

நிலாவில் மின்சாரம் கிடையாது என்று கம்பத்தில் கரண்டை எடுத்தார்கள். நிலாவில் தண்ணீர் ஓடாது என்று குழாயை அடைத்தார்கள். அவள் சாலைக்கு இறங்கிப் போய்த் தண்ணீர் தூக்கி வந்தாள்.

பயிற்சி தொடங்கியது. குன்றடியில் சாமியானா போட்டு, அதற்குப் பூமி என்று பெயர் வைத்து, நிலவியல் பேராசிரியை ரஞ்சனி வாக்கிடாக்கியோடு உட்கார்ந்தார். கொளுத்துகிற வெயிலில் விண்வெளி உடை என்கிற வெள்ளை மூட்டைக்குள் வெந்துகொண்டு வீரர் எழிலன் தெற்குச் சரிவில் ஏறினார்.

"பூமி, எதிர்ல ஒரு அம்மா துணி காயப்போடறாங்க."

"நிலாவுல அம்மா இல்லை எழிலன். இருக்கறது எல்லாம் பாறை. நிறம் சொல்லுங்க."

"மேடம், அவங்க என்னை முறைக்கறாங்க."

"நிறம்!"

முதல் மதிப்பெண் வாங்குகிறவர்தான் நிலாவில் முதலில் இறங்குவார். எழிலன் அம்மாவைப் பாறையாகவே பார்க்கத் தொடங்கினார். "மாநிறம். மேலே பச்சைப் படிவு, ஓரத்துல சிவப்புக் கோடு."

"உயரம்?"

"அஞ்சடி. செங்குத்தா நிக்குது."

"கெட்டியா, உதிரியா? சுத்தியலால தட்டிப் பாருங்க."

"தட்டித்தான் பாரேன்" என்றாள் சாமுண்டீஸ்வரி.

"தட்டத் தேவையில்லை மேடம். ரொம்பக் கெட்டி."

இவ்வாறாக அவள் பயிற்சி அறிக்கையில் பாறை மாதிரி எண் பதினான்கு ஆனாள். தகரக் கூரை 'நெளிவுகள் உடைய அடுக்குப் பாறை' என்று பதினைந்தாம் எண்ணில் ஏறியது. ஆடுகள் 'உருளும் சிறுகற்கள். மேல்நோக்கியும் உருள்வது மேலும் ஆராயத் தக்கது.' எழிலன் முதலிடம் பெற்றார்.

அறிக்கையின் நகல் கிடைத்ததும் தனி அலுவலர் செல்லப்பன் பூரித்துப் போனார். சாமுண்டீஸ்வரியைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஏம்மா, விஞ்ஞான பூர்வமா ஆய்வு நடந்திருக்குது. குன்றுல வீடும் இல்லை, ஆளும் இல்லை. இல்லாத ஆளுக்கு எப்படிப் பட்டா தர்றது? நாளைக்கு ஜேசிபி வருது."

"ஆளே இல்லேன்னா நான் யாரு சார்? அதுல என்னை இன்னான்னு எழுதியிருக்குது?"

செல்லப்பன் புரட்டினார். "மாதிரி எண் பதினாலு. பாறை."

"பாறையை நீங்க நகர்த்தலாமா?"

"அது முடியாதுக்கா" என்று காமராஜ் முந்திக்கொண்டார். "போன மழையில நம்ம ஆபீஸ் வாசல்ல ஒரு குண்டுக்கல்லு உருண்டு வந்து நின்னுடுச்சி. நகர்த்த அனுமதி கேட்டு எழுதி வருஷம் ஒண்ணாவுது. ஜன்னல் வழியாத்தானே நாங்களே உள்ள பூந்து வர்றோம்."

விஞ்ஞானத்தை மறுக்க முடியாது. விதியையும் மறுக்க முடியாது. மறுநாள் ஜேசிபிக்குப் பதிலாக ஒரு பலகை வந்தது: 'மாதிரி எண் 14 அரசுப் பாறை. இதனை அகற்றுவோர் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும்.' பல்லவர் காலத்துத் தளவானூர்க் குகைக் கோயிலுக்கு வைத்திருப்பதைவிடப் பெரிய பலகை.

"அப்ப பட்டா?" என்றாள்.

"கல்லுக்கு ஏதும்மா பட்டா?" என்றார் செல்லப்பன்.

பட்டா இல்லாவிட்டால் போகட்டும், இனி ஒருத்தரும் கிளப்ப முடியாது என்கிற செய்தி பரவியது. புறம்போக்கில் குடியிருந்தவர்கள் அத்தனை பேரும் தங்களையும் கல்லாக எழுதச் சொல்லி ஜன்னலுக்கு வெளியே வரிசை கட்டினார்கள். அலுவலகம் சுறுசுறுப்பாக ஒரு படிவம் அச்சிட்டது. தகுதி: 'பத்து வருடத்துக்குக் குறையாமல் ஓரிடத்தில் அசையாது இருந்திருத்தல், யார் என்ன சொன்னாலும் பதில் பேசாதிருத்தல்.' கூடவே ஒரு நிபந்தனை: விண்ணப்பதாரர் கல்லே என்று, ஏற்கெனவே அங்கீகாரம் பெற்ற கல் ஒன்று சான்று தர வேண்டும்.

அந்த வாரமே செல்லப்பனுக்கும் காமராஜுக்கும் இடமாறுதல் ஆணை வந்து சேர்ந்தது. படிவத்தில் அவர்களுக்குத் தங்கள் தகுதி பளிச்சென்று தெரிந்தது. கல்லை யாரும் இடமாற்ற முடியாதல்லவா?

வேர்க்க விறுவிறுக்கச் செல்லப்பன் குன்று ஏறினார். பின்னால் காமராஜ். அவருக்குப் பின்னால் சாலை வரைக்கும் ஜனம்.

"நான் கல்லுன்னு நீதாம்மா ஒரு கையெழுத்துப் போடணும்."

சாமுண்டீஸ்வரி கையைத் துடைத்துக்கொண்டு படிவத்தை வாங்கினாள். "மத்தவங்களை எல்லாம் விசாரிச்சித்தான் எழுதணும் சார். உங்களுக்கு எதுக்கு விசாரணை?" என்று சொல்லி உடனே கையெழுத்துப் போட்டாள்.