திறப்பு விழா நாயகன்

சந்தோஷம் தலைக்கேறினால் எனக்குக் காது கேட்காது. (கண்ணும் பாதிதான் தெரியும்.)

தூத்துக்குடியில் கப்பல்களுக்கு அரிசி, காய்கறி அனுப்பும் அண்ணாச்சி ஒருவரிடம் பதினெட்டு வயதில் வேலைக்குச் சேர்ந்தேன். "ஆறு வருசம் எங்கூட நில்லு. பொறவு உனக்குத் தனியா ஒரு கடை வச்சுத் தாரேன்" என்றார். எங்கள் பக்கத்தில் முக்கால்வாசிக் கடைகள் இப்படிப் பிறந்தவைதாம். பத்திரமெல்லாம் கிடையாது, வாய்ச்சொல்தான்.

ஆறாம் வருடம் முடிந்து ஏழாவதும் பாதி போய்விட்டது. கேட்கக் கூச்சம். அப்போது எதிரே இருந்த காலிக் கடைக்கு வெள்ளையடித்தார்கள்.

"திங்கக்கெழம திறப்புலே. நீதான் முன்ன நின்னு பாத்துக்கிடணும்" என்றார் அண்ணாச்சி.

போதாதா? அன்றே வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போட்டேன்: 'நமது கடை திறப்பு விழா. அனைவரும் வருக.' அனைவரும் வந்தார்கள். உடன்குடியிலிருந்து ஒரு வேன் நிறைய.

பட்டு வேட்டியும் அப்பிய சந்தனமுமாக நான்தான் (யாரும் கேட்காமலே) போர்டை மூடியிருந்த துணியை இழுத்தேன். போர்டில் ஓர் அழகிய பெண் முகம். கீழே, 'செல்வி பியூட்டி பார்லர்'.

செல்வி அண்ணாச்சியின் மகள். எனக்குப் பின்னால்தான் கத்தரிக்கோலோடு நின்றிருந்தாள்.

அம்மா என் காதருகே வந்து, "ஏலே, புருவம் திருத்தவா இத்தன வருசம் நின்ன?" என்றாள்.

நான் வேனுக்கு ஓடப் பார்த்தேன். செல்வி விடவில்லை. அப்பாவைப் பார்த்து, "நான் வாயத் தொறந்து கேக்கல, எனக்குக் கடை வந்துட்டு. அவன் ஒழைச்சு முடிச்சுட்டு நிக்கான், அவனுக்குக் கடை எங்க, அப்பா?" என்றாள்.

அத்தனை பேர் முன்னால் அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். "இவன் போயிட்டா கப்பல்காரங்கட்ட யாரு பேசுவா? அதான் தள்ளிப் போட்டேன். தப்புதான்" என்றார்.

வந்தது வந்தோம் என்று என் அத்தைகள் ஐந்து பேர் வரிசையில் உட்கார்ந்து புருவம் திருத்திக்கொண்டார்கள். செல்விக்கு அன்றைக்கே நல்ல போணி.

மூன்றாம் மாதம் துறைமுகச் சாலையில் எனக்குக் கடை வந்தது. அண்ணாச்சியே தன் வாடிக்கைக் கப்பல்களில் இரண்டை எனக்கு விட்டுக்கொடுத்தார். இப்போது என்னிடம் வேலை பார்க்கும் இருவருக்கும் என்றைக்குக் கடை என்பதை எழுதியே கொடுத்திருக்கிறேன்.

வீட்டில்தான் விமோசனம் இல்லை. போன வருடம் பெண் வீட்டார் சம்மதம் சொன்னதும் துள்ளிக் குதித்து அம்மாவுக்குப் போன் போட்டேன். முழுதாகக் கேட்டுவிட்டு அம்மா நிதானமாகச் சொன்னாள்:

"போர்ட நல்லா வாசிச்சியாலே?"