வெர்னா வாங்கிய கல்

பணத்தாசையே எல்லாத் தீமைக்கும் வேர் என்று ஞானிகள் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த வேரைப் பிடுங்கும் பெரும்பொறுப்பு, அயோவா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் இருக்கும் எங்கள் உதவித்தொகை அலுவலகத்தின் தலையில் விழுந்திருக்கிறது. எங்களிடம் மாதப் பணம் வாங்கும் மாற்றுத்திறனாளியின் கையிருப்பு, ஒன்றாம் தேதி காலையில் இரண்டாயிரம் டாலரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பணம் நின்றுவிடும். மருந்துச் செலவு நிற்கும். காலையில் படுக்கையிலிருந்து தூக்கி உட்கார வைக்கிற ஆளும் வரமாட்டார். கோடீஸ்வரர்களைத் திருத்த எங்களுக்கு அதிகாரமில்லை. அகப்பட்டவர்களைத் திருத்துகிறோம்.

வெர்னா க்ரோல் அகப்பட்டது ஒரு ஜனவரியில். சக்கர நாற்காலியில் இருப்பவர். வீட்டு வாசலில் இருந்த மரச் சாய்தளம் உளுத்துப்போக, வெளியே வர வழியில்லாமல் கிடந்தார். ஊர் சும்மா இருக்குமா? தீயணைப்பு நிலையக் கூடத்தில் ஸ்பகெட்டி விருந்து வைத்து வசூல் செய்தார்கள். விருந்துக் குழுத் தலைவி மார்லிஸ் அம்மையார், கதவளவு அட்டையில் காசோலை ஒன்று செய்து, 'வெர்னாவுக்கு ஐயாயிரம் டாலர்' என்று எழுதி, படமெடுத்துப் பத்திரிகைக்கு அனுப்பினார். எங்கள் ஊரில் வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியும்; பத்திரிகைக்கு அதற்கும் முன்னால் தெரியும். பணத்தைக் குழுவே வைத்திருந்து தச்சரிடம் நேராகக் கொடுத்திருந்தால் வம்பே இல்லை. ஆனால் தச்சரின் படத்தைப் பார்த்து யாருக்குக் கண் கலங்கும்?

டோனட் தின்றபடி நான் அந்தப் படத்தைப் பார்த்தேன். கடமை அழைத்தது. வெர்னாவை நேரில் வரச் சொன்னேன். தீயணைப்பு வீரர்கள் நாற்காலியோடு அவரை வாசலிலிருந்து தூக்கி இறக்கி, அழைத்து வந்தார்கள். மார்லிஸும் கூடவே வந்தார்.

"ஏம்ப்பா க்ளென், இது அவ காசு இல்லப்பா. வாசல்ல சாய்வாப் போடற ராம்ப்போட காசு," என்றார் மார்லிஸ்.

"ராம்ப் பேர்ல பேங்க்ல கணக்கு இருக்கா மேடம்?"

வெர்னா குறுக்கிட்டார். "தரை கல்லா உறைஞ்சு கெடக்கு சார். கம்பம் நடக் குழி தோண்ட முடியாது, ஏப்ரல்ல வர்றேன், அதுக்கு முன்னாடி காசு வாங்க மாட்டேன்னு தச்சர் சொல்லிட்டார். அதுவரைக்கும் இதை வச்சிருக்க விடுங்க."

"வச்சிருந்தா அது 'சேமிப்பு' ஆயிடும்மா."

"அப்ப திருப்பிக் குடுத்துடறேன்."

"குடுத்தா 'சொத்தைக் கைமாத்தி விட்டது' ஆயிடும். அது இன்னும் மோசம்."

வெர்னா நாற்காலியை என் மேசையருகே உருட்டினார். "உங்க சட்டத்துல நான் வச்சிக்கலாம்னு ஒண்ணுமே கெடையாதா?"

எங்கள் சட்டத்துக்கு இரக்கமில்லை என்று தூற்றுகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்.

"இருக்கே," என்றேன். "கல்லறைக்கு இடம். சவப்பெட்டி. தலைமாட்டுல நிறுத்தற கல்லு. இதெல்லாம் கணக்குலயே சேராது."

"தரைதான் உறைஞ்சு கெடக்கேப்பா," என்றார் மார்லிஸ்.

"குழியைத் தோண்டத்தான் முடியாது மேடம். வாங்கலாம்."

"எனக்கு அம்பத்திரண்டு வயசுதான் ஆகுது," என்றார் வெர்னா.

"இப்பவே வாங்கினா வெல கம்மிம்மா."

"சாகறதுக்குச் சேத்து வைக்கலாம். வாசல்ல எறங்கறதுக்குக் கூடாது. அப்படித்தானே?"

"ரொம்பத் தொலைநோக்கோட போட்ட சட்டம்மா அது."

வெர்னா கெட்டிக்காரர். மாதக் கடைசிக்குள் இடம் வாங்கினார், கல்லுக்கும் சொல்லிவிட்டார். கல்வெட்டுகிறவர் எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர். வரம்புக்கு மேல் நின்ற கடைசிக் காசையும் வெர்னா எழுத்தாகவே வெட்டச் சொன்னாராம். ஒன்றாம் தேதி காலையில் அவர் கணக்கு எங்கள் சட்டம் விரும்புகிற தூய்மையோடு இருந்தது. எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது.

ஏப்ரலில் தரை இளகியது. தச்சர் சொன்ன சொல் தவறாமல் வந்தார். காசில்லை என்றதும் உளுத்த பலகையைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். வெர்னா இன்னும் வீட்டுக்குள்ளேதான் இருக்கிறார்.

விதிவிலக்குப் பெற்ற பொருளை நேரில் சரிபார்ப்பது எங்கள் வழக்கம். கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். வழவழவென்று தார்ச்சாலை, வாசலில் ஒரு படிகூடக் கிடையாது. வெர்னாவின் கல் பளபளத்தது. பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டுக்குக் கொஞ்சம் காலியிடம். அதற்குக் கீழே வெட்டியிருந்தது:

'வீட்டுப் படி இறங்க ஊர் கொடுத்த பணம் இது. ஏப்ரல் வரை பொறுக்கச் சொன்னேன். க்ளென் ஹெக்மன் இங்கே அனுப்பினார்.'

என் பெயரில் ஓர் எழுத்துக்கூடப் பிழையில்லை. அலுவலகத்துக்குத் திரும்பி, 'கல் கணக்கில் சேராது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.