நிக்கலுக்கு நல்ல தண்ணீர்

ஒரு வாய் தண்ணீரைக் குடித்துப் பார்த்தே அது எந்த ஊர்க் கிணறு என்று சொல்லக்கூடியவர் இராமநாதபுரம் சீமையில் ஒருவர்தான் இருந்தார். அவரை நாங்கள் நிக்கல் பாய் என்றுதான் அழைப்போம். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்திருக்கும். யாரும் அதைத் தேடியதில்லை.

நாங்கள் வேலை பார்த்தது தேவிபட்டினம் சாலையில் இருந்த ஒரு வனஸ்பதி கம்பெனி. எண்ணெயை நெய்போல உறையவைக்க நிக்கல் வேண்டும். நிக்கலும் அலுமினியமும் கலந்த பொடியைக் காஸ்டிக் சோடாவில் கொட்டினால் அலுமினியம் கரைந்துபோகும்; கறுப்புச் சேறாக நிக்கல் மிஞ்சும். காரம் போகும்வரை அதைக் கழுவி, தண்ணீருக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். காய்ந்தால் தானாகவே தீப்பிடித்துக்கொள்ளும். இந்தக் கழுவல்தான் பாயின் வேலை. நான் பட்டம் வாங்கிய கெமிஸ்ட், காகிதத்தில் அவருக்கு மேலதிகாரி. காகிதத்தில் மட்டும்தான்.

உப்புத் தண்ணீர் நிக்கலுக்கு ஆகாது. அதனால் லாரியில் வரும் தண்ணீரை முதலில் பாய் ருசி பார்ப்பார்.

"கரிக்குது. திருப்பிக் கொண்டு போப்பா."

"நாங்க வீட்டுல இதத்தான் பாய் குடிக்கிறோம்" என்பார் லாரிக்காரர்.

"நீ குடி. நீ தாங்குவ. இது பச்சப்புள்ள."

அவர் திருப்பியனுப்பிய தண்ணீரில்தான் எங்கள் கேன்டீன் டீ போட்டது.

ஒருநாள் நான் பரிசோதனைக்காக ஒரு சிட்டிகை நிக்கலை வடிகட்டி, தாளைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் கூடை, நாற்காலி, நாற்காலியில் தொங்கிய என் புதுச் சட்டை மூன்றும் கருகிக் கிடந்தன. பாய் வாளியோடு நின்றார். திட்டவில்லை.

"தம்பி, நீங்க நல்லாப் படிச்சவரு. இனிமே இங்கன எதையும் தொடாதீங்க" என்றார்.

கம்பெனியே ஒரு மாதம் சிரித்தது. வெட்கம் கெட்டுப்போய் நானும் சிரித்தேன்.

அந்த மழைக்காலத்தில் ஒரு காலை, தொண்டியிலிருந்து பாயின் மச்சான் பஸ் பிடித்து வந்தார். பாயின் அத்தா விடியற்காலையில் மவுத்தாகிவிட்டார். சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் அடக்கம். தன்னைக் குளிப்பாட்டும்போது மூத்த மகன் கை படவேண்டும் என்று கிழவர் பலமுறை சொல்லி வைத்திருந்தாராம்.

பாய் அப்போதுதான் ஒரு தொட்டி நிக்கலில் கை வைத்திருந்தார். இன்னும் ஏழெட்டுக் கழுவல் பாக்கி. பாதியில் விட்டால் தீப்பற்றும் வாயு கிளம்பிக்கொண்டே இருக்கும்; ஒரு பொறி பட்டால் கொட்டகையே வெடித்துவிடும்.

"நீங்க போங்க பாய். நான் கழுவிடுறேன்" என்றேன்.

என்னைப் பார்த்தார். கொட்டகையில் வேலை செய்துகொண்டிருந்த பத்துப் பேரையும் பார்த்தார்.

"மச்சான், நீ போ. நான் பின்னாடி வாரேன்" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கினார்.

அழுதுகொண்டே கழுவினார். நிமிடத்துக்கு ஒருதரம் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கண்ணீர் உப்பாயிற்றே, தொட்டியில் விழுந்துவிடக் கூடாதே என்று அந்த நேரத்திலும் அவருக்குக் கவலை. இதைப் பார்த்து எங்களில் ஒருவர் சிரிக்கப் பார்த்து, முடியாமல் வெளியே போய்விட்டார்.

பாய் தொண்டி போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து, எல்லோரும் வீடு திரும்பியிருந்தார்கள்.

மூன்று நாள் கழித்து வேலைக்கு வந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை.

"என்னைய நம்பிப் போயிருக்கலாமே பாய்."

"அத்தாவக் குளிப்பாட்ட ஊர்ல ஆளிருந்துச்சு தம்பி. நான் போயிருந்தா ஒங்களையும்ல குளிப்பாட்ட வேண்டி வந்திருக்கும்" என்றார், லாரிக்காரரிடம் பேசும் அதே குரலில்.

பல வருடம் கழித்து என் அய்யா இறந்தார். நீர்மாலை எடுத்து வந்து நான்தான் குளிப்பாட்டினேன். அய்யாவின் கையைத் தேய்த்துக் கழுவும்போது, இந்தக் கொடுப்பினையை எனக்கு விட்டுக்கொடுத்தவர் நிக்கல் பாய் என்று தோன்றியது. அய்யாவுக்காகக் கொஞ்சமும் அவருக்காகக் கொஞ்சமும் அழுதேன்.