மைக் அண்ணன் சமைக்கிறார்

கடுகு தாளிப்பதை மூன்று மொழிகளில் அறிவித்துவிட்டுத் தாளித்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரராக வாய்த்தார்.

"யாத்ரிகண் க்ருபயா த்யான் தே! பயணிகளின் கனிவான கவனத்திற்கு! இன்னும் இரண்டு நிமிடத்தில் கடுகு போடப்படும்." அதையே வங்காளத்தில் ஒருமுறை சொல்வார். பிறகுதான் கடுகு. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். அதனால் அவர் வீட்டில் என்ன வேகிறது, என்ன தீய்கிறது என்பதெல்லாம் எனக்கு மட்டுமல்ல, தீவுத் துறைமுகத்தை ஒட்டிய ஹாடோவில் எங்கள் வரிசை முழுவதற்கும் தெரியும்.

ரேஷன் கார்டில் ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை; எல்லாருக்கும் அவர் மைக் அண்ணன். படகுத்துறை ஜெட்டியில் கப்பல் புறப்பாட்டை ஒலிபெருக்கியில் சொல்வதுதான் முப்பத்து மூன்று வருடம் அவர் வேலை. துண்டுச்சீட்டில் என்ன எழுதி வருகிறதோ அதை வாசிப்பார். ஓர் எழுத்தைக் கூட்டமாட்டார், குறைக்கமாட்டார். ஒருநாள் மாயாபந்தர் கப்பல் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு அவருடைய ஜன்னலைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்க, அதைப் பார்த்தபடியே "மாயாபந்தர் கப்பல் இன்னும் அரைமணியில் புறப்படும்" என்று வாசித்தாராம். மூட்டையோடு ஓடி வந்து சண்டை போட்டவரிடம், "சீட்டுல அப்படித்தானே பாய் இருக்கு" என்று காகிதத்தைக் காட்டியிருக்கிறார். இதை அவரே பெருமையாகத்தான் சொல்வார்.

அண்ணி மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்டார். உயிரோடு இருந்தவரை அண்ணனை அடுப்படிப் பக்கம் அண்டவிட்டதில்லை. காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கப்பல் ஏறிய மறுநாள் காலை, அண்ணன் என் கதவைத் தட்டினார்.

"டீச்சர், அந்தக் கேஸ் அடுப்பு... எந்தப் பக்கம் திருப்பினா நெருப்பு வரும்?"

அறுபத்தேழு வயது ஆளின் கேள்வி. எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தபின் சிரிக்க முடியவில்லை.

அதற்கப்புறம் டீயும் பன்னும்தான். நான் கொடுத்தனுப்பினால், "ஒரு ஆளுக்கு எதுக்கு டீச்சர் இவ்வளவு" என்று திருப்பி அனுப்புவார். ஒற்றை ஆளுக்கு உலை வைப்பதில் எனக்கு இருபது வருட சர்வீஸ். அந்தப் பேச்செல்லாம் என்னிடம் செல்லாது. ஆனாலும் இரண்டு மாதத்தில் சட்டை அவர் மேல் கொடியில் தொங்குவதுபோலத் தொங்க ஆரம்பித்தது. சென்னையிலிருந்து மகன் செந்தில் பறந்து வந்தான்.

"அப்பா, பேசாம என்கூட மெட்ராஸ் வந்துருங்க."

"மெயின்லேண்டா? அங்க ஆபரேஷனுக்குத்தான்டா போவாங்க. நான் நை ஆயேகா, வரமாட்டேன்."

செந்திலின் வீடு பதினோராவது மாடி. அண்ணன் பிறந்தது ஹாடோவில், அண்ணியை எரித்ததும் இந்த மண்ணில். அவரை அங்கே கொண்டுபோய் வைத்தால் ஒரு மழைக்காலம் தாங்கமாட்டார் என்று எனக்குத் தோன்றியது. யாரும் கேட்காமலே நடுவில் புகுந்தேன். "பொங்கல் வரைக்கும் டைம் குடுப்பா" என்றேன்.

செந்தில் யோசித்துவிட்டு நிபந்தனை போட்டான். அப்பாவே சமைக்க வேண்டும். டீச்சர் கை வைக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோ காலில் சமைத்ததைக் காட்ட வேண்டும். முடியவில்லை என்றால் பொங்கலோடு வீட்டைப் பூட்டிவிட்டு மெட்ராஸ். இதற்கு வழியும் அவனே சொன்னான்: மீல் கிட். நறுக்கிய காய், அளந்த மசாலா, செய்முறை அட்டை எல்லாம் ஒரு பெட்டியில் வீட்டுக்கு வரும். அட்டையைப் பார்த்துச் செய்தால் போதும். எழுதியிருப்பதை அப்படியே செய்வதா? அண்ணன் முகத்தில் இரண்டு மாதத்தில் முதல்முறையாக வெளிச்சத்தைப் பார்த்தேன்.

மூன்று கம்பெனிகளில் பின்கோடு போட்டுப் பார்த்தோம். மூன்றும் கையை விரித்தன. "உங்கள் பகுதிக்கு இச்சேவை இல்லை" என்பதை அண்ணன் மூன்று மொழியிலும் வரிசைக்கு அறிவித்தார்.

ஆனால் தீவுக்காரர்களுக்கு இதெல்லாம் ஒரு தடையா? சென்னையில் யார் விமானம் ஏறினாலும், பையில் இன்னொருவருடைய பொட்டலம் ஒன்று இல்லாமல் இங்கே இறங்குவதில்லை. செந்தில் தன் வீட்டு முகவரிக்குப் பெட்டியை வரவழைத்து, ஹனிமூனுக்கு வந்துகொண்டிருந்த அலுவலக நண்பன் தலையில் கட்டிவிட்டான். அந்தப் பையனும் பெண்ணும், கழுத்தில் புதுத்தாலி மஞ்சள் வாடாமல், ஹோட்டலுக்குக்கூடப் போகாமல், ஐஸ் சொட்டும் பெட்டியோடு எங்கள் சந்தில் மைக் அண்ணனைத் தேடி அலைந்தார்கள்.

பெட்டியைத் திறந்தால் மீன். எட்டுத் துண்டு, உறைந்து கிடந்தது. தெருவில் கூடை மீனோடு போய்க்கொண்டிருந்த வங்காளத்து அக்கா எட்டிப் பார்த்தாள்.

"மச்லி? ப்ளேன் மே?" என்றவள், மீன் விமானம் ஏறித் தீவுக்கு வந்ததை நினைத்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்து சிரித்தாள். அடியில் ஒரு பாக்கெட் தேங்காய்ப்பால் வேறு இருந்தது. அதைப் பிரிக்கும்போது கொல்லையில் ஒரு தேங்காய் விழுந்தது என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள், ஆனால் விழுந்தது.

அண்ணன் எதையும் காதில் வாங்கவில்லை. ஒவ்வொரு வரியையும் அறிவித்து அறிவித்துச் சமைத்தார். சுமாராக வந்தது. எல்லாக் கம்பெனியிலும் குறைந்தபட்சம் இரண்டு பேருக்குத்தான் பெட்டி. 'இரண்டு தட்டுகளில் பரிமாறவும்' என்பது அட்டையின் கடைசி வரி. பரிமாறினார். இரண்டாவது தட்டை என்ன செய்வது என்று அட்டையில் இல்லை. நான் எட்டிப் பார்த்தபோது சாப்பிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அப்படியே திரும்பி வந்துவிட்டேன். அந்த இரண்டாவது தட்டின் முன்னால் போய் உட்கார்ந்திருக்கலாமே என்று பிறகு என்னையே திட்டிக்கொண்டேன்.

பொட்டலம் தூக்க எல்லா வாரமும் ஆள் கிடைக்கவில்லை. அப்போதுதான் அபர்டீன் பஜாரில் பத்மா என்ற தெலுங்குப் பெண் இதே தொழிலைத் தொடங்கியிருப்பது தெரிந்தது. ஒற்றை ஆளுக்கும் கிட் தருவாள். தமிழிலேயே அட்டை. ஆனால் கடல் கெட்டுக் கப்பல் வராத வாரத்தில் ஊரில் வெங்காயமே இருக்காது. அந்த வாரம் பத்மா வெங்காயத்துக்குப் பதில் பப்பாளிக்காயை நறுக்கிப் போட்டாள். எந்தத் தீவுக்காரருக்கும் இது புரியும். அட்டை மட்டும் பழைய அட்டை.

'வெங்காயம் பொன்னிறமாகும்வரை வதக்கவும்' என்றது அட்டை. அண்ணன் பப்பாளியை எண்ணெயில் போட்டுவிட்டுக் காத்திருந்தார்.

"வெங்காயம் இன்னும் பொன்னிறமாகவில்லை. தாமதத்திற்கு வருந்துகிறோம்."

பத்து நிமிடம் கழித்து மறுபடி வருந்தினார். மூன்றாவது முறை வருந்தும்போது சுவர் வழியாகப் புகை நாற்றம் வந்தது. ஓடினேன். வாணலி பற்றி எரிய, அண்ணன் வெறுங்கையால் அதைத் தள்ளிக்கொண்டிருந்தார். ஈரச் சாக்கைப் போட்டு அணைத்தேன். அவர் வலது கை முழுக்கக் கொப்புளம்.

"கண்ணு இல்லையா அண்ணே உங்களுக்கு? பப்பாளி எப்படி அண்ணே வெங்காயம் ஆகும்?" என்று கத்தினேன்.

"தெரியும் டீச்சர், பப்பாளின்னு தெரியும்" என்றார். "சீட்டுல இல்லாததை நான் செஞ்சதே இல்லையே. மீதி எல்லாத்தையும் வீட்ல அவதானே பாத்துக்கிட்டா."

பெரிய மனிதர் விம்மி அழுதார். நானும் அழுதேன்.

கட்டுப்போட்ட கையோடு ஞாயிறு வந்தது. நிபந்தனையாவது மண்ணாங்கட்டியாவது என்று நானே ஒரு சாம்பார் வைத்து அவர் மேஜையில் வைத்துவிட்டு, "நீங்க வச்சதுன்னு சொல்லிருங்க, அவ்வளவுதான்" என்று சொல்லிக் கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். செந்தில் திரையில் வந்தான்.

"சாம்பார் நல்லா இருக்கேப்பா. நீங்களா வச்சீங்க?"

அண்ணன் தொண்டையைச் செருமினார். அது அறிவிப்புக் குரல். "இந்தச் சாம்பார் பக்கத்து வீட்டு டீச்சரின் தயாரிப்பு." கையையும் தூக்கிக் காட்டினார்.

செந்தில் அந்தக் கையைப் பார்த்தான். "பொங்கலுக்கு வர்றேன்ப்பா. திரும்பிப் போக ரெண்டு டிக்கெட் போடுறேன்" என்று வைத்துவிட்டான்.

மறுநாள் அண்ணன் அட்டைகளையெல்லாம் கட்டிப் பரண்மேல் போட்டார். வங்காளத்து அக்காவிடம் மீனைக் கண்ணால் பார்த்து வாங்கினார். பதினைந்து நாள் சோறு குழைந்தது, ஐந்து நாள் அடிப்பிடித்தது. அறிவிப்பு ஒரே மொழிக்கு இறங்கி, அதுவும் சுருங்கிவிட்டது. "எண்ணெய் புகையுது, இறக்குறேன்" என்று சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும். நான் இந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

மாட்டுப் பொங்கலன்று செந்தில் எதிரில் உட்கார்ந்திருக்க, அண்ணன் சூரை மீன் குழம்பு வைத்தார். மீன் வெந்து உதிர்ந்துவிட்டது, சோறும் கொஞ்சம் குழைவு. செந்தில் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். கை கழுவிவிட்டு வந்து செல்போனில் ஒரு டிக்கெட்டை ரத்து செய்தான்.

"பாத்துக்குங்க டீச்சர்."

"நான் இருக்கேன்பா" என்றேன்.

மூன்று மாதம் இருந்தார். சித்திரையில் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு மதியம் வந்தபோது அவர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. நாற்காலியில் சாய்ந்திருந்தார். மாரடைப்பு என்றார் டாக்டர். அடுப்பு ஒழுங்காக அணைக்கப்பட்டிருந்தது. சாப்பாட்டுக்காகத் தட்டு கழுவி மேஜையில் வைக்கப்பட்டிருந்தது. சாப்பிட்டிருக்கவில்லை.

"நான் கூட்டிட்டுப் போயிருந்தா பக்கத்துலயே பெரிய ஆஸ்பத்திரி இருந்திருக்கும் டீச்சர்" என்று செந்தில் போனில் அழுதான். என்னைக் குற்றம் சொல்லும் எண்ணம் அவனுக்கு இல்லை. ஆனால் பொங்கல் வரைக்கும் டைம் கேட்டது நான்தான்.

மறுநாள் செந்தில் வந்து சேர, ஆண்கள் சுடுகாட்டுக்குக் கிளம்பியதும், வீட்டில் ஆக்கியதையெல்லாம் கொட்டிவிட்டு அடுப்படியைக் கழுவச் சொன்னார்கள் பெண்கள். நான் போனேன். சட்டியின் மூடியைத் திறந்தால், ஒரு ஆளுக்குச் சரியான அளவில், மாங்காய் போட்ட சூரை மீன் குழம்பு. துண்டு ஒன்றுகூட உடையவில்லை. சாவு வீட்டில் ஆக்கியதைத் தொடக் கூடாது என்று எனக்கும் தெரியும். முந்தானையில் மறைத்து என் வீட்டுக்கு எடுத்துவந்து, கதவைச் சாத்திக்கொண்டு, என் சோற்றில் ஊற்றி, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

புளிப்பு கொஞ்சம் தூக்கல். மற்றபடி நல்ல குழம்பு, அண்ணே.