மாமியாரை ஊதிப் பெரிசாக்கின கதை

கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கொஞ்சம் கிட்ட. உள்ளே இருக்கிறவள் காதில் விழுந்தால் சேதாரம் எனக்குத்தான்.

எங்கள் வீட்டில் காலியாக இருந்தது ஒரே ஒரு சுவர். அதில் பெரிய டிவி மாட்டுவது என் வாழ்நாள் லட்சியம். அன்றைக்குக் காலையில் என் மனைவி தபால்தலை அளவுக்கு ஒரு படத்தை நீட்டினாள். அவளைப் பெற்ற மகராசி, அதாவது என் மாமியார்.

"என்னங்க, இதை ப்ளோ-அப் பண்ணிட்டு வாங்க. அந்தச் சுவத்துல மாட்டணும்."

நான் டயர்க்கடைக்காரன். என் படிப்பும் பஞ்சர் ஒட்டின படிப்பு. பக்கத்து வீட்டு வாத்தியாரிடம் அர்த்தம் கேட்டேன்.

"வெடிக்கறதையும் சொல்லலாம். காத்தடிக்கறதையும் சொல்லலாம். கோவத்துல கத்தறதையும் சொல்லலாம். படத்தைப் பெரிசு பண்றது..."

"போதும் சார்!"

எனக்கு வேண்டிய அர்த்தம் கிடைத்துவிட்டது. ஒரு பலூனில் மாமியார் முகத்தை வரைந்தேன். கடை மெஷினில் வைத்துக் காற்றடித்தேன். சாயங்காலம் கொண்டுபோய் நீட்டினேன்.

"என்ன கண்றாவி இது?"

"நீ சொன்ன ப்ளோ-அப்தான். காத்தடிச்சிட்டேன்."

"படத்தைப் பெரிசு பண்ணச் சொன்னா..."

"அட, சின்ன விஷயத்தை ஊதிப் பெரிசாக்காதேம்மா."

"ஊதினது யாரு? நானா, நீங்களா?"

அதற்குள் பலூன் கதவுத் தாழ்ப்பாளில் உரசியது. டமால்! மாமியாரின் மூக்கு மட்டும் என் கையில் மிஞ்சியது.

அடுத்த அர்த்தம் இப்போது அவள் வாயிலிருந்து வரும். கத்துவாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள், படப் பேச்சே எடுக்கமாட்டாள், சுவர் நமக்கு. அதுதான் என் திட்டம். காதைப் பொத்திக்கொண்டேன்.

அவள் கத்தவே இல்லை. ஃபோனை எடுத்துக் காதில் வைத்தாள்.

"அம்மா, உன் மாப்பிள்ளைக்குப் படம் சரிப்படலையாம். நீயே கிளம்பி வந்துடு. முழு சைஸ்லயே பார்க்கட்டும்... என்னது, இங்கயே இருந்துடறியா? அதுக்கென்ன, இரேன்!"

ஆணி ஏறின டயர் மாதிரி எனக்குப் புஸ்ஸென்று இறங்கிவிட்டது.

"வேணாம்னு சொல்லு தாயே! இப்பவே பெரிசு பண்ணிட்டு வர்றேன்!"

"எவ்வளவு பெரிசு?"

"நீ சொல்ற அளவு!"

"சுவர் அளவு."

ஓடினேன். கொண்டுவந்தேன். ஆணியும் நானே அடித்தேன். தரையிலிருந்து கூரை வரைக்கும் மாமியார் சிரித்தார்.

"வர வேணாம்னதுக்கு உங்கம்மா ஏதும் கோவிச்சுக்கிட்டாங்களா?" என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"அவங்களுக்கு என்ன தெரியும், பாவம்!" என்றாள். காலையிலிருந்து செத்துக் கிடந்த ஃபோனை எடுத்து சார்ஜில் போட்டாள்.